சம்படத்தில் வெட்டிய பெயர்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் கைப்பேசிக்கு ஒரே கேள்வி வந்துகொண்டே இருக்கும். பள்ளி அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்த யாராவது கேட்பார்கள். "மேடம், தலைக்கு முந்நூறு ரூபாய்க்குள்ள டீச்சர்ஸுக்கும் மத்த ஸ்டாஃபுக்கும் இன்னா வாங்கலாம்?" கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் இருபத்தாறு வருஷம் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் விடுவதாக இல்லை. இந்த வருஷம் இதுவரை மூன்று பேர் கேட்டாகிவிட்டது. மூன்று பேரிடமும் தனித்தனியாக வாய் வலிக்கப் பேசுவதற்கு எழுதிவிடுவது மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சுவர்க் கடிகாரம் வாங்காதீர்கள். நான் சேர்ந்த புதிதில் வாங்கினேன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த ஒரு கணக்கு டீச்சர், "எங்க வீட்ல இப்ப ஏழு கடிகாரம் இருக்கு மேடம், ஏழும் ஏழு விதமா மணி காட்டுது" என்றார். கல்யாணம், கிரகப்பிரவேசம், பணி ஓய்வு என்று எங்கே போனாலும் நம் ஆட்கள் கடிகாரத்தைத்தான் தலையில் கட்டுகிறார்கள். நாமும் சேர்ந்து கட்ட வேண்டாம்.

இனிப்புப் பெட்டியும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனிக்குப் போகிறார். ஆயுத பூஜைக்கு ஒரு பெட்டி, தீபாவளிக்கு ஒரு பெட்டி என்று கம்பெனியிலிருந்தே வந்துவிடும். நம் பெட்டியைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு வருஷம் நான் கொடுத்த பெட்டி ஊரைச் சுற்றிவிட்டுப் பொன்னேரியில் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. மூடியில் நான் ஒட்டிய சீட்டுகூடக் கிழியாமல் இருந்தது. நல்ல இனிப்புதான், சாப்பிட்டுவிட்டேன்.

ஆயாக்களுக்கு ஒரே நிறத்தில் புடவை எடுப்பது இதையெல்லாம்விட மோசம். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று பதினான்கு பேருக்கும் ஒரே மாதிரி எடுத்துக் கொடுத்தேன். எஸ்தர் என்று ஒரு ஆயா. எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது, எதையும் நேரே கேட்டுவிடுவாள். புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது யூனிஃபார்மா மேடம்? நாளையிலேர்ந்தே கட்டிக்கினு வரணுமா?" என்றாள். கிண்டலே இல்லை, நிஜமாகவே கேட்டாள். பண்டிகைக்குக் கொடுத்த புடவையை வேலைக்கான துணி என்று ஒருத்தி நினைக்கிறாள் என்றால் கொடுத்தவள்மேல்தான் தப்பு.

சரி, என்னதான் வாங்குவது? ஸ்டாஃப் ரூமில் போய் "என்ன வேணும்" என்று கேட்காதீர்கள். கேட்டால் பத்துப் பேர் பத்துப் பொருள் சொல்வார்கள், பிறகு கிடைக்காத ஒன்பது பேருக்கு வருத்தம். மதியம் சாப்பிடும் நேரத்தில் ஒரு வாரம் சும்மா சுற்றி வாருங்கள். யார் கையில் என்ன இருக்கிறது, எது உடைந்திருக்கிறது, எதைக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குடைக் கம்பி வளைந்திருந்தால் குடை. சாப்பாட்டுப் பையின் ஜிப் போயிருந்தால் பை. என் இருபத்தாறு வருஷ ரகசியம் இவ்வளவுதான்.

அப்படிச் சுற்றி வந்து, மிகச் சரியான பொருளைத் தேர்ந்தெடுத்து, அதை வைத்தே ஒரு பெண்ணைத் திருடி ஆக்கிய கதை ஒன்று இருக்கிறது. பொருளை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இதை மறைத்தால் நான் எழுதுவதில் அர்த்தம் இல்லை.

நோய்க்காலத்தில் மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கையில் காசு இறுக்கம். எங்கள் தாளாளர் கெட்டவர் அல்ல, ஆனால் அந்த வருஷம் பண்டிகைப் பரிசே வேண்டாமே என்று யோசித்தார். "குறைஞ்ச செலவுல நான் பார்த்துக்கறேன் சார்" என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். ஒரு வாரம் சுற்றி வந்ததில் கண்ணில் பட்டது சாப்பாட்டு டப்பாக்கள். டீச்சர்கள் பாதிப் பேர், ஆயாக்கள் எல்லாருமே, ஓரம் வெடித்த பிளாஸ்டிக் டப்பாக்களில் சோறு கொண்டுவந்தார்கள். எஸ்தருடைய டப்பாவுக்கு மூடியே பொருந்தவில்லை, ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். எவர்சில்வர் சம்படம் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். இறுக்கமான மூடியோடு, தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கலாம், பிறகு சோறு கட்டலாம். டீச்சருக்கு ஒன்று ஆயாவுக்கு வேறொன்று என்று இல்லாமல், ஐம்பத்து நான்கு பேருக்கும் ஒரே சம்படம்.

பொன்னேரி கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த பாத்திரக்கடை. விலை இன்னும் குறைய ஒரு யோசனை செய்தேன். எங்கள் பள்ளியில் டே கேர் உண்டு. சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் அம்மா அப்பாக்களின் பிள்ளைகள் மாலை ஆறு மணிவரை இருக்கும் இடம். அங்கே பிஸ்கட், சுண்டல் வைக்கப் பன்னிரண்டு டப்பாக்கள் தேவைப்பட்டன. அதையும் சேர்த்து ஒரே மாதிரியாக அறுபத்தாறு சம்படம் என்று ஆர்டர் கொடுத்தேன். கடைக்காரர் விலையைக் குறைத்ததோடு பெயர் வெட்டுவதும் இலவசம் என்றார்.

"பேர் இன்னா மேடம் வெட்டணும்?"

"ஸ்கூல் பேர் போடுங்க."

"டே கேர் டப்பாக்கு சரி. ஊட்டுக்கு எடுத்துக்கினு போற டப்பால அவங்கவங்க பேர் வெட்டலாமே? தனியா சார்ஜ் பண்ண மாட்டேன்."

ஐம்பத்து நான்கு பேரின் பெயரை எழுதிக்கொடுத்து, வெட்டியதைச் சரிபார்த்து, மாறிப்போகாமல் கொடுத்து... எனக்குச் சோம்பேறித்தனமாக இருந்தது. அதோடு, நம் பள்ளியின் பெயர் ஐம்பத்து நான்கு வீட்டு அடுக்களையில் இருக்கட்டுமே என்று ஒரு அல்ப ஆசை. "எல்லாத்துலயும் ஸ்கூல் பேரே இருக்கட்டும்" என்றேன். தாளாளரிடம் காட்டியபோது அவர் முகம் மலர்ந்துபோனது. நானும் அன்று முழுக்கக் கொஞ்சம் மிதப்பாகத்தான் நடந்தேன்.

எங்கள் பள்ளியில் இன்னொரு வழக்கமும் இருந்தது, அதுவும் என் ஏற்பாடுதான். தீபாவளிப் பரிசைக் கிறிஸ்தவர்களுக்கு அப்போது கொடுக்காமல், அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் கிறிஸ்மஸ் பரிசாகக் கொடுப்பேன். நல்ல வழக்கம் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த வருஷம் தீபாவளிக்கு மற்ற எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் கொடுத்தோம், போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம், லிஸ்ட்டில் கையெழுத்து வாங்கினோம். கிறிஸ்மஸுக்கு மிச்சம் இருந்தது மூன்றே பேர். இரண்டு டீச்சர்களும் எஸ்தரும். டீச்சர்களுக்கு ஸ்டாஃப் ரூமில் கேக் வெட்டி, கைதட்டிக் கொடுத்தோம். எஸ்தர் அப்போது டே கேரில் ஏதோ ஒரு குழந்தையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். போகிற வழியில் தாழ்வாரத்தில் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கையெழுத்து வாங்கவில்லை. ஆயாதானே, பிறகு வாங்கிக்கொள்ளலாம். இந்த "தானே" என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருந்தது.

பிப்ரவரி மாதக் கடைசி. பள்ளியில் குழாய்களும் மின்விசிறி ரெகுலேட்டர்களும் காணாமல் போய்க்கொண்டிருந்ததால் ஒரு ஏஜென்சியிலிருந்து செக்யூரிட்டி ஒருவரைப் போட்டிருந்தோம். வீட்டுக்குப் போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும் என்பது உத்தரவு. யார் பையை? ஆயாக்களின் பையை, டிரைவர்களின் பையை. டீச்சர்களின் கைப்பையை யாரும் தொடவில்லை, என் கைப்பையையும்தான். அந்த உத்தரவை டைப் செய்து ஒட்டியவள் நான். அதே வாரம் டே கேரில் பன்னிரண்டு சம்படத்தில் ஒன்று குறைகிறது என்று சொன்னார்கள். அதையும் தாளாளரிடம் போய்ச் சொன்னவள் நான்.

பள்ளி விடும் நேரம். கேட்டில் வேன்கள், பைக்கில் பெற்றோர், ஐஸ் வண்டி, வழக்கமான சந்தடி. எஸ்தரின் மகள் ஜெனி எங்கள் பள்ளியிலேயே பத்தாவது படித்தாள். அம்மா இங்கே வேலை பார்ப்பதால் அவளுக்குப் பாதிக் கட்டணம். இருவரும் சேர்ந்து கிளம்புவார்கள். அன்று காலையில்தான் எஸ்தரின் பழைய பிளாஸ்டிக் டப்பா ஒரேயடியாக உடைந்திருக்கிறது. அதுவரை புதுசு கெட்டுவிடும் என்று அட்டைப் பெட்டியோடு எடுத்து வைத்திருந்த சம்படத்தில் முதல்முறையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இத்தனை நாள் அவளிடம் பார்க்காத டப்பா என்பதால் செக்யூரிட்டி அதைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"இது ஸ்கூல் சாமானாச்சே. பேர் போட்டுக்குதே."

"மேடம் கிறிஸ்மஸுக்குக் குடுத்தாங்கபா."

"மத்த ஆயாங்களுக்கெல்லாம் தீபாவளிக்கே குடுத்தாச்சு, போர்டுல போட்டோ கீது. உனக்கு மட்டும் கிறிஸ்மஸுக்கு டே கேர் டப்பாவைக் குடுத்தாங்களா?"

தாளாளர் யாரோ பெற்றோரை வழியனுப்ப அங்கேயே நின்றிருந்தார். சம்படத்தை வாங்கிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது சுற்றிலும் கூட்டம் கூடியிருந்தது. வேனுக்குள் ஏறிய பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தன.

"நீங்க குடுத்தீங்களா மேடம்?" என்று தாளாளர் கேட்டார்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. மேடம் வந்துவிட்டார், இனி ஒன்றும் இல்லை என்ற நிம்மதிதான் இருந்தது. எனக்கு அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்ததும் போட்டோவும்தான் கண்ணில் வந்தன. அந்தப் போட்டோவில் அவள் இல்லை. "இருங்க சார், லிஸ்ட் பார்த்துச் சொல்றேன்" என்றேன். உள்ளே போய் லிஸ்ட்டை எடுத்து வந்தேன். அவள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது.

"கையெழுத்து இல்ல சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் எடுத்தாள் என்று சொல்லவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் 'மேடம் லிஸ்ட்' என்றால் அதற்குமேல் பேச்சு கிடையாது, அது எனக்கும் தெரியும். தாளாளர் பெருமூச்சு விட்டுவிட்டு, "நாளைலேர்ந்து வரவேணாம்மா, போலீஸ் அது இதுன்னு பேஜாரு வேணாம், போ" என்றார். தன் பங்குக்கு இரக்கம் காட்டியதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

எஸ்தர் அழவில்லை, சண்டை போடவில்லை. சம்படத்தின் அடியில் கொஞ்சம் சோறு ஒட்டியிருந்தது. "கழுவிக் குடுத்துடறேன்" என்றாள். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் நிதானமாகக் கழுவினாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். மூடியைப் போட்டுச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அத்தனை பேரும் நின்றோம்.

நான் வழக்கம்போல் ரயிலுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் ஒரு பெண் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் தண்ணீர் பாட்டிலுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். கூட வந்தவள் துணிப்பையை அவள் முழங்கையில் மாட்டிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஈரக் கையோடு வாங்க வேண்டாம் என்று எஸ்தரின் முழங்கையில் சம்படம் இருந்த மஞ்சள் பையை மாட்டிவிட்டது நான். "ஹேப்பி கிறிஸ்மஸ் எஸ்தர்" என்று சொன்னது நான். "இன்னா மேடம் இது, கனமா கீது" என்று அவள் சிரித்தது முதற்கொண்டு நினைவுக்கு வந்துவிட்டது.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மறந்துபோனது தப்பு இல்லை, மனுஷருக்கு மறக்கத்தான் செய்யும். கைப்பேசி என் கையில் இருந்தது. தாளாளரின் எண் அதில் இருந்தது. திரும்பி நடந்தால் பத்து நிமிஷத்தில் பள்ளி. ஆனால் ரயில் வந்தது, நான் ஏறிவிட்டேன். என் லிஸ்ட் தப்பு என்று என் வாயால் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம்தான் காரணம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மறுநாள் காலை என் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். ரப்பர் ஸ்டாம்புகளையும் இங்க் பேடையும் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைத்திருந்தேன். பொங்கல் சமயத்தில் டே கேரிலிருந்து நானே எடுத்து வந்தது. காணாமல் போன பன்னிரண்டாவது அதுதான். யாரிடமும் சொல்லாமல் எடுத்து, அதையும் மறந்திருந்தேன். என் பையை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

பத்தாம் வகுப்பு டீச்சர் அலுவலகத்துக்கு வந்து, ஜெனி வரவில்லை என்றார். அடுத்த நாள் அறிவியல் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வேறு பள்ளி ஆசிரியர் வந்து மதிப்பெண் போடுவார். வராமல் போனால் அந்த மதிப்பெண் போனதுதான். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தவளுக்கு அப்போதுதான் அது தெரிந்தது.

தாளாளரிடம் போய் இரண்டு சம்படத்தின் கதையையும் சொன்னேன். எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். "சரி விடுங்க மேடம். யாருக்கும் சொல்ல வேணாம். வந்து வேலையைப் பார்க்கச் சொல்லுங்க. சம்பளத்தோட ஏதாவது சேர்த்துக் குடுத்துடலாம்" என்றார். நானும் விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஷேர் ஆட்டோ பிடித்து ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்தரின் காலனிக்குப் போனேன்.

எஸ்தர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். ஜெனி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யூனிஃபார்ம் கொடியில் தொங்கியது.

"எஸ்தர், தப்பு என்மேலதான். நான்தான் குடுத்தேன், மறந்துட்டேன். சார்கிட்ட சொல்லிட்டேன். நீ இன்னிக்கே வேலைக்கு வா. சார் சம்பளத்தோட ஏதாவது சேர்த்துக் குடுக்கறேன்னு..."

"எத்தையும் குடுக்க வாணாம் மேடம்." முறத்தைக் கீழே வைத்தாள். "நேத்து கேட்டாண்ட, அத்தினி பேரு எதிர்ல, கையெழுத்து இல்லன்னு சொன்னீங்க. இப்ப நான் திருடல்லன்னு ஊட்டாண்ட வந்து என் காதுல சொல்றீங்க. நான் திருடல்லன்னு எனக்கே தெரியுமே மேடம். தெரியாதவங்களுக்கு யாரு சொல்றது?"

முறத்தில் கிடந்த கல் ஒன்றைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"எனக்கு வேலை எங்கனா கெடைக்கும். கம்பெனி கேண்டீன்ல பாத்திரம் கழுவக் கூப்டுக்கினுதான் கீறாங்க. இவளப் பாருங்க. காலையிலேர்ந்து நாஷ்டா துன்னல. அந்த கேட்டுக்குள்ள வரமாட்டேன்றா. வேன்ல இருந்த பசங்க எல்லாம் பாத்துச்சிங்களாம். நாளைக்குப் பரீட்சைடின்னா, நீ போய் எழுதுன்றா."

நான் ஜெனியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. பத்து வருஷமாக என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொன்ன பெண்.

"சாயந்தரம் பள்ளி விடும்போது ரெண்டு பேரும் கேட்டுக்கு வாங்க" என்றேன். "உள்ள வரவேணாம். வெளியவே நில்லுங்க. போதும்."

எஸ்தர் முறத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

தாளாளருக்கு நான் செய்யப்போவது பிடிக்கவில்லை. "ஸ்டாஃப் மீட்டிங் போட்டுச் சொல்லிடுங்க மேடம். கேட்ல எதுக்கு? பேரன்ட்ஸ் எல்லாம் நிப்பாங்க."

"நேத்தும் நின்னாங்க சார்."

"ஸ்கூல் பேரு என்ன ஆறது?"

"அந்தப் பேரை டப்பால வெட்டுனதாலதான் சார் இவ்வளவும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் பழக்கங்கள் மாறின என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பரிசில் பள்ளியின் பெயரையோ சின்னத்தையோ போடுவதை நிறுத்தினேன். கொடுத்த பிறகு அது அவர்களுடைய பொருள், அதில் நம் பெயருக்கு என்ன வேலை? அடகு வைக்கட்டும், தங்கச்சி கல்யாணத்துக்குச் சீராக வைக்கட்டும். தீபாவளிக்கோ கிறிஸ்மஸுக்கோ ரம்ஜானுக்கோ, டீச்சருக்கு எந்த இடத்தில் கைதட்டிக் கொடுக்கிறோமோ அதே இடத்தில் ஆயாவுக்கும் கொடுத்தோம். கையில் வேலையாக இருந்தால் வேலை முடியும்வரை காத்திருந்தோம். பையைத் திறந்து காட்டும் உத்தரவை எல்லாருக்கும் என்று மாற்றி, முதல் ஆளாக என் கைப்பையைத் திறந்து காட்டினேன். இரண்டே வாரத்தில் டீச்சர்கள் சண்டை போட்டு அந்த உத்தரவையே எடுக்கவைத்தார்கள். நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

முந்நூறு ரூபாய்க்கு நல்ல பொருள் எத்தனையோ கிடைக்கும். துண்டு வாங்குங்கள், குடை வாங்குங்கள், இரண்டு பேர் போர்த்திக்கொள்ளும் போர்வை வாங்குங்கள். எது வாங்கினாலும் குறை சொல்ல நாலு பேர் இருப்பார்கள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். கொடுக்கும்போது யார் முகத்தைப் பார்க்காமல் கொடுக்கிறோம் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அன்று சாயந்தரத்துக்கு வருகிறேன். மணி அடித்ததும் கேட்டுக்குப் போய் நின்றேன். எஸ்தரைக் காணவில்லை. முதல் வேன் கிளம்பத் தயாரானது. "ரெண்டு நிமிஷம் இருப்பா" என்று டிரைவரை நிறுத்தினேன். இரண்டு நிமிஷம் ஐந்தானது. பைக்கில் இருந்த ஒருவர் ஹாரன் அடித்தார். அப்போதுதான் சாலைக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். எத்தனை நேரமாக அங்கே நின்றார்களோ தெரியாது. ஜெனி அம்மாவின் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

மைக் எல்லாம் இல்லை. பிரேயர் மணியை எடுத்து வந்திருந்தேன், அதை ஓங்கி அடித்தேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"நேத்து இந்த இடத்துல எஸ்தர் பையிலேர்ந்து ஒரு டப்பா எடுத்தாங்க. அது நான் கிறிஸ்மஸுக்குக் குடுத்தது. அவங்க சொன்னதுதான் நெசம். நான் குடுத்துட்டு மறந்துட்டேன். ஞாபகம் வந்தப்புறமும் வாயைத் திறக்காம ரயில் ஏறிப் போயிட்டேன். டே கேர்ல காணாம போன டப்பா என் மேஜைக்குள்ள இருந்தது, அதை எடுத்ததும் நான்தான். எஸ்தர் எதையும் எடுக்கல. திருடினவங்கன்னு யாரையாவது சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க."

யாரும் கைதட்டவில்லை, நல்லவேளை. ஒரு அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஐம்பத்தொன்பது வயதில், நேற்றுவரை என்னைக் கண்டு பயந்த பிள்ளைகளின் எதிரில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

செக்யூரிட்டி தன் அறைக்குள் போய் அலமாரியிலிருந்து அந்தச் சம்படத்தை எடுத்து வந்தார். சாலையைக் கடந்து அவர்களிடம் போனார். "மன்னிச்சிடும்மா" என்று இரண்டு கையாலும் நீட்டினார். எஸ்தர் வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் சாலையைக் கடந்து போனேன். கையைக் கூப்பினேன்.

ஜெனிதான் முன்னால் வந்தாள். செக்யூரிட்டியின் கையிலிருந்து சம்படத்தை வாங்கினாள். எஸ்தர் பையின் வாயை விரித்து, "உள்ள வைடி" என்றாள். ஜெனி வைக்கவில்லை. வெட்டிய பெயர் வெளியே தெரியும்படி சம்படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சாலையைக் கடந்து, வேன் ஜன்னல்களில் இருந்த அத்தனை முகங்களையும் பார்த்தபடியே கேட்டுக்குள் நுழைந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"நாளைக்கு லேப் ரெக்கார்ட் வேணும் மேடம்" என்றாள் என் பக்கம் திரும்பி. "கிளாஸ்ல கீது. எடுத்துக்கினு வந்துடறேன்."